டிரெட்மில்லில் ஏறும் முன் வாயைத் திறந்து சொல்லுங்கள்

வரி, எடைக்கல் முத்திரை, உணவுப் பாதுகாப்பு உரிமம் என்று எழுதிப் பழகிய நாம் இந்த முறை இருதயப் பரிசோதனை பற்றி எழுத வேண்டியிருக்கிறது. காரணம் நம்மில் ஒருவர்தான். பருப்பும் மிளகாய் வற்றலும் மொத்தமாக விற்கும் மண்டிக்காரர். வயது 54. கடைத்தெருவில் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி. பெயரையும் ஊரையும் போட வேண்டாம், நடந்ததை மட்டும் எழுதுங்கள் என்று அவரே நம்மிடம் சொன்னதால் எழுதுகிறோம்.

2022 தீபாவளிக்கு முந்திய வாரம். லாரியிலிருந்து மூட்டை இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில் அவருக்கு நெஞ்சை யாரோ அழுத்துவது போல் இருந்திருக்கிறது. வாயு என்று நினைத்து ஒரு சோடா குடித்தார், சரியாகிவிட்டது. பத்து நாள் கழித்துக் குடோன் மாடிப்படியில் வேகமாக ஏறும்போது கண் இருட்டிக்கொண்டு வந்து, மூட்டைமேல் அப்படியே சாய்ந்துவிட்டார். இரண்டு நிமிடத்தில் எழுந்தும் விட்டார். பார்த்தது ஒரு லோடுமேன் மட்டும். அவர் வாயையும் ஒரு டீ வாங்கிக் கொடுத்து அடைத்தாயிற்று.

ஏன் மறைத்தார் என்பது நமக்குப் புரியாத விஷயம் அல்ல. அப்போது அவருக்கு வெளியூர்ப் பார்ட்டிகளிடம் பெருந்தொகை பாக்கி. கடன் சரக்கில் ஓடும் வியாபாரத்தில் முதலாளிக்கு நெஞ்சுவலி என்ற செய்தி காலையில் பரவினால், மாலைக்குள் நாலு பேர் கணக்குப் பார்க்க வந்து நிற்பார்கள். கொடுக்க வேண்டியவரோ, பொறுத்துப் பார்ப்போம் என்று கையை இழுத்துக்கொள்வார். சரக்குக்கு இருக்கும் மதிப்பு போலவே ஆளின் உடம்புக்கும் சந்தையில் ஒரு மதிப்பு உண்டு. இதை நாம் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான்.

குடும்ப டாக்டர் வற்புறுத்திய பிறகு 2023 தை மாதம், பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு, டிரெட்மில் டெஸ்ட் எடுக்கச் சம்மதித்தார். உள்ளூரில் அல்ல. தெரிந்த முகம் இல்லாத பக்கத்து ஊரில். கடையில் வசூலுக்குப் போகிறேன் என்றார், வீட்டிலும் அதையே சொன்னார். இரத்த அழுத்தத்துக்கும் நாடித் துடிப்பைக் குறைப்பதற்கும் அவர் சாப்பிட்டு வந்த மாத்திரையை இரண்டு நாளுக்கு முன்பே தானாக நிறுத்திவிட்டார். மாத்திரை போட்டால் டெஸ்ட் சரியாக வராது என்று அடுத்த கடைக்காரர் சொல்லியிருந்தாராம். அந்தக் கடைக்காரர் விற்பது பாத்திரம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

"ஐயா, எப்பவாவது மயக்கம் வந்திருக்கா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்லைம்மா."

"குடும்பத்தில யாராவது சின்ன வயசில திடீர்னு இறந்திருக்காங்களா?"

"இல்லைம்மா."

அண்ணாச்சியின் கூடப் பிறந்த அண்ணன் 46 வயதில் கடையிலேயே கல்லாவில் உட்கார்ந்தபடி இறந்தவர்.

நடக்க ஆரம்பித்தார். முதல் மூன்று நிமிடம் சுகமாகப் போனது. அடுத்த மூன்று நிமிடத்தில் வியர்வை. ஏழாவது நிமிடம் ஈ.சி.ஜி. திரையில் இடையிடையே ஓர் அகலமான துடிப்பு விழ ஆரம்பித்தது. பிறகு இரண்டிரண்டாக, பிறகு மூன்று நான்கு சேர்ந்தாற்போல். இளம் டாக்டர் ஒருவர் பக்கத்திலேயே நின்றிருக்கிறார். ஏறிக்கொண்டிருந்த இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கியதைப் பார்த்ததும் பெல்ட்டை நிறுத்தச் சொன்னார். நம்ம ஆள் விடவில்லை. "இன்னும் ரெண்டு நிமிஷம் நடக்கிறேன் டாக்டர்" என்றாராம். அதற்குள் கால் மடங்கிவிட்டது. கட்டிலில் படுக்க வைத்தபோது துடிப்பு கட்டுக்கடங்காத வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது, நினைவு இல்லை. சுவரோரம் தயாராக இருந்த கருவியால் மின் அதிர்ச்சி கொடுத்தார்கள். ஒரே அதிர்ச்சியில் துடிப்பு ஒழுங்குக்கு வந்தது. கண் விழித்தவர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்குச் சொல்லிட்டீங்களா?"

சொல்ல முடியவில்லை. அவர் கொடுத்திருந்த போன் நம்பர் கடையின் பழைய நம்பர்.

இந்த டெஸ்ட் எங்கிருந்து வந்தது

இருதயத்துக்கு வேலை கொடுத்துப் பார்ப்பது புதிய யோசனை அல்ல. அமெரிக்காவில் ஆர்தர் மாஸ்டர் என்ற டாக்டர் 1929-லேயே இரண்டு படிகளை வைத்து, ஏறி இறங்கச் சொல்லி நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்தார். ஒவ்வொரு படியும் 9 அங்குல உயரம். பின்னாளில் அதோடு ஈ.சி.ஜி.யும் சேர்ந்தது. ஆனால் ஏறி இறங்கி முடித்த பிறகுதான் எடுப்பார்கள். இருதயம் ஓடிக்கொண்டிருக்கும்போது என்ன செய்கிறது என்பது அதில் தெரியாது.

சியாட்டில் நகரத்து ராபர்ட் புரூஸ் என்ற டாக்டர்தான் நகரும் பெல்ட்டில் நடக்க விட்டு, நடக்கும்போதே ஈ.சி.ஜி. பார்க்கும் முறையை ஒழுங்குபடுத்தினார். படிப்படியாகக் கடினமாக்கும் அவருடைய கணக்கு 1963-ல் வெளியானது. இன்றும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் பெரும்பாலும் அதே கணக்குத்தான். முதல் மூன்று நிமிடம் மணிக்கு 2.7 கிலோமீட்டர் வேகம், 10 சதவீத ஏற்றம். அதாவது நூறு அடி நடந்தால் பத்து அடி உயர்வது போல. அடுத்த மூன்று நிமிடம் 4 கிலோமீட்டர், 12 சதவீத ஏற்றம். மூன்றாவது கட்டம் 5.5 கிலோமீட்டர், 14 சதவீதம். நான்காவதில் மணிக்கு 6.7 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். ஏற்றத்தில் சரக்கு வண்டி தள்ளிப் பார்த்தவர்களுக்கு இது எவ்வளவு கடினம் என்று சொல்லத் தேவையில்லை.

220-இலிருந்து வயதைக் கழித்தால் வருவது அந்த வயதுக்கு உத்தேசமான உச்சத் துடிப்பு. 54 வயதுக்கு 166. அதில் 85 சதவீதம், அதாவது சுமார் 141 துடிப்பைத் தொட்டால் டெஸ்ட் போதுமான அளவு நடந்தது என்று பொதுவாக எடுத்துக்கொள்கிறார்கள். இது உத்தேசம்தான். ஆளுக்கு ஆள் மாறும்.

துடிப்பு ஏன் தாறுமாறாகிறது

இருதயத்தின் வலது மேல் அறையில் ஒரு சிறிய முடிச்சு இருக்கிறது. கல்லாவில் உட்கார்ந்திருக்கும் முதலாளி மாதிரி அது சொன்னால்தான் துடிப்பு. சும்மா இருக்கும்போது நிமிடத்துக்கு 60 முதல் 100 வரை குரல் கொடுக்கும். அந்தக் குரல் கீழ் அறைகளுக்கு ஒழுங்கான வழியில் போய்ச் சேர, அவை சுருங்கி இரத்தத்தைத் தள்ளும்.

சில நேரம் கீழ் அறையிலிருந்தே யாரோ ஒரு கடைப்பையன் குறுக்கே குரல் கொடுத்துவிடுவான். ஒரு துடிப்பு முந்தி விழும். நல்ல இருதயம் உள்ளவர்களுக்கும் இது உண்டு, அதற்காகப் பயப்பட வேண்டியதில்லை. பையன்கள் வரிசையாக மூன்று குரல், நான்கு குரல் என்று நிமிடத்துக்கு 100-க்கு மேற்பட்ட வேகத்தில் கொடுக்க ஆரம்பித்தால் அதற்கு வென்ட்ரிகுலர் டாக்கிகார்டியா என்று பெயர். 30 வினாடிக்கு மேல் நீடித்தால் ஆபத்தானது என்று கொள்ள வேண்டும். அடுத்த கட்டம் ஃபிப்ரிலேஷன். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துகிறார்கள், சரக்கு ஒரு மூட்டைகூட நகரவில்லை. இருதயம் நடுங்குமே தவிர இரத்தம் தள்ளாது. சில வினாடிகளில் நினைவு போய்விடும். நெஞ்சை அழுத்தி முதலுதவியோ மின் அதிர்ச்சியோ கிடைக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு 7 முதல் 10 சதவீதம் குறைந்துகொண்டே போகும்.

உழைக்கும்போது இது ஏன் கிளம்புகிறது? உடம்பில் அட்ரினலின் ஏறுகிறது. இருதயத் தசைக்குக் கூடுதல் பிராணவாயு தேவைப்படுகிறது. குழாயில் அடைப்பு இருந்தால் அந்தத் தேவைக்கு இரத்தம் போய்ச் சேராது. பட்டினி கிடக்கும் தசை கோளாறாகக் குரல் கொடுக்கும். முன்பு மாரடைப்பு வந்த தழும்பு இருந்தால், அதைச் சுற்றி மின்சாரம் செக்கு மாடு போல் வட்டமிடவும் கூடும். அண்ணாச்சிக்கு இருந்தது முதல் வகை. நாடியை அடக்கி வைத்திருந்த மாத்திரையைத் திடீரென்று நிறுத்தியது எரிகிற அடுப்பில் எண்ணெய் விட்ட மாதிரி ஆகிவிட்டது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பீட்டா பிளாக்கர் என்ற இந்த வகை மாத்திரையைப் பல டாக்டர்கள் டெஸ்டுக்கு முன் நிறுத்தச் சொல்வது உண்டு, சிலருக்கு நிறுத்தக் கூடாது என்பார்கள். எப்போது, எப்படிக் குறைப்பது என்பது அவர்கள் சொல்ல வேண்டிய கணக்கு.

மேல் அறைத் துடிப்பு தாறுமாறாவதும் உண்டு. படபடப்பு இருக்கும், பெரும்பாலும் தானாகவோ மருந்திலோ அடங்கும். அதை இங்கே விரித்து எழுதவில்லை.

பத்தாயிரத்தில் எத்தனை

வியாபாரி என்றால் எண்ணைக் கேட்காமல் விடமாட்டார். அமெரிக்காவில் 73 மருத்துவ மையங்களில் நடந்த சுமார் 1,70,000 டெஸ்டுகளைக் கணக்கெடுத்து 1971-ல் வெளியிட்டார்கள். பத்தாயிரம் டெஸ்டுக்குச் சுமார் ஒரு மரணம். 1980-ல் வெளியான இன்னொரு கணக்கு இன்னும் பெரியது. 1,375 மையங்கள், 5,18,448 டெஸ்டுகள். அதில் பத்தாயிரத்துக்கு 0.5 மரணம், அதாவது இருபதாயிரத்துக்கு ஒன்று. மாரடைப்பு பத்தாயிரத்துக்குச் சுமார் 3.5. ஆபத்தான துடிப்புக் கோளாறு சுமார் 4.8.

இதைப் படித்துவிட்டு டெஸ்டே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்தால் நாம் எழுதியது வீண். நம்மைப் பொறுத்தவரை இது சிறிய ஆபத்துதான். ஆனால் இது குலுக்கல் சீட்டு மாதிரி யாருக்கு வேண்டுமானாலும் விழுவதில்லை. நெஞ்சில் கடும் அடைப்பு, பலவீனமான இருதயம், முன்பே மயக்கம், முன்பே துடிப்புக் கோளாறு என்று இருப்பவர்கள் பக்கம்தான் அது அதிகமாகச் சாயும்.

இன்னொரு கணக்கையும் பாருங்கள், நமக்கு மிகவும் பிடித்தது இதுதான். இருதயத்துக்கு நேர்மின்னோட்ட அதிர்ச்சி கொடுக்கும் கருவியை 1960-களின் தொடக்கத்தில் உருவாக்கிய பெர்னார்டு லவுன் என்ற டாக்டரின் பாஸ்டன் குழு 1984-ல் வெளியிட்டது. ஏற்கெனவே ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு ஆளான 263 பேரையே டிரெட்மில்லில் ஏற்றி, மொத்தம் 1,377 முறை டெஸ்ட் எடுத்தார்கள். 2.3 சதவீத டெஸ்டுகளில் சிக்கல் வந்தது. பொது ஜனத்தோடு ஒப்பிட்டால் இது எத்தனையோ மடங்கு. ஆனால் ஒருவர்கூட இறக்கவில்லை. வருகிறவர் யார், அவருக்கு என்ன இருக்கிறது என்று அந்த டாக்டர்களுக்கு முன்கூட்டியே தெரியும். கருவி பக்கத்திலேயே இருந்தது. அண்ணாச்சி விஷயத்தில் கருவி இருந்தது, டாக்டர் இருந்தார். தகவல் மட்டும் இல்லை.

இறங்கிய பிறகும் டெஸ்ட் முடியவில்லை

பெல்ட் நின்றதும் வேலை முடிந்தது என்று பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்கள் நம்மில் அதிகம். கடையை விட்டு வந்த அவசரம். ஆனால் நின்ற முதல் சில நிமிடங்கள் தனி ஆபத்து உள்ளவை. காலில் விரிந்திருக்கும் நாளங்களில் இரத்தம் தேங்குகிறது, அழுத்தம் சரிகிறது, அட்ரினலினோ இன்னும் உச்சத்தில் நிற்கிறது. நாடி சட்டென்று இறங்கி மயக்கம் வருவதும், அகலமான துடிப்புகள் விழுவதும் இந்த நேரத்தில் நடக்கும். அமெரிக்காவின் கிளீவ்லண்டில் 29,244 பேரை ஆராய்ந்து 2003-ல் வெளியிட்டார்கள். நடக்கும்போது விழும் கோளாறுத் துடிப்பை விட, நின்ற பிறகு அடிக்கடி விழும் கோளாறுத் துடிப்பே அடுத்து வரும் ஆண்டுகளின் மரண ஆபத்தைத் தெளிவாகக் காட்டியது. ஆகவே நடந்து முடித்த பிறகும் ஆறு முதல் எட்டு நிமிடம், துடிப்பும் அழுத்தமும் பழைய நிலைக்கு வரும் வரை, ஒயரோடு இருக்கச் சொன்னால் இருக்க வேண்டும். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளிப்பதையும் சற்றுத் தள்ளிப் போடுங்கள்.

போகும் முன், ஏறும் முன்

சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நெஞ்சுவலி வருகிறது, அல்லது சில நாட்களாக வலி கூடிக்கொண்டே போகிறது என்றால் டிரெட்மில்லுக்குத் தேதி வாங்கக் கூடாது. நேரே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். வால்வு சுருக்கம் என்று எப்போதாவது டாக்டர் சொல்லியிருந்தால் அதை முதலில் சொல்லிவிட வேண்டும். டிஜாக்சின் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு ஈ.சி.ஜி.யில் இல்லாத கோளாறு இருப்பது போல் காட்டும், அதையும் சொல்ல வேண்டும். சாப்பிட்டு இரண்டு மூன்று மணி நேரம் ஆகியிருக்க வேண்டும். பீடி, சிகரெட் கூடாது. வேட்டியும் ரப்பர் செருப்புமாகப் போகிறவர்கள் ஒரு பேண்ட்டும் கேன்வாஸ் ஷூவும் இரவல் வாங்கியாவது போடுங்கள். நகரும் பெல்ட்டில் வேட்டி தடுக்கி விழுந்தால் அதற்கு இருதய டாக்டர் பொறுப்பல்ல.

டெஸ்ட் எடுக்கும் இடத்தில் இரண்டு கேள்வி கேட்க வெட்கப்பட வேண்டாம். அறையில் டாக்டர் இருப்பாரா? மின் அதிர்ச்சிக் கருவி இதே அறையில் இருக்கிறதா, வேலை செய்கிறதா? பத்து ரூபாய்ச் சரக்குக்கு எடையைச் சரிபார்க்கிற நாம் இதைக் கேட்காமல் ஏறுவது என்ன நியாயம் என்று தெரியவில்லை. டெக்னீஷியன் மட்டும் இருக்கிறார், டாக்டர் கையெழுத்துக்கு மாலையில் வருவார் என்றால், அப்படிப்பட்ட இடத்தில் விலை குறைவாக இருந்தாலும் நாம் ஏற மாட்டோம்.

நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைசுற்றல், கண் இருட்டு எதுவானாலும் உடனே சொல்லிவிட வேண்டும். இது பந்தயம் அல்ல. டெஸ்ட் எடுப்பவர் நிறுத்தச் சொன்னால் நிறுத்த வேண்டும் என்பது போலவே, ஏறியவர் போதும் என்றால் டாக்டரும் நிறுத்த வேண்டும் என்பதும் விதிதான்.

முழங்கால் வலியால் நடக்க முடியாதவர்களுக்கு ஊசி மருந்து கொடுத்துப் பார்ப்பார்கள். டோபுட்டமின் என்ற மருந்தில் துடிப்புக் கோளாறு சற்று அதிகம் வரும், ஆகவே அதற்கும் இதே எச்சரிக்கைதான். அடினோசின் கொடுத்தால் துடிப்பு சில வினாடி தடைபடலாம். பயம் வரும், ஆனால் அந்த மருந்து இரத்தத்தில் நிமிடக் கணக்கில்கூட நிற்காது. ஆஸ்துமா இருந்தால் முன்பே சொல்ல வேண்டும். டீ, காப்பியும் டாக்டர் சொல்லும் நேரம் வரை, சாதாரணமாக 12 முதல் 24 மணி நேரம், நிறுத்த வேண்டும். கல்லாவில் உட்கார்ந்து நாளைக்கு எட்டு டீ குடிக்கும் நமக்கு இதுதான் பெரிய சோதனை.

டெஸ்ட் நன்றாக வந்துவிட்டது என்பதற்காக இனி எந்த வலியும் வாயுதான் என்று இருந்துவிடவும் கூடாது. சிறிய அடைப்புகள் இதில் தப்பிப் போவது உண்டு.

சந்தை என்ன சொன்னது

அண்ணாச்சிக்கு ஆஞ்சியோ செய்து பார்த்ததில் இரண்டு குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து ஒரு வாரத்தில் அனுப்பினார்கள். மறைக்க நினைத்த செய்தி அவருக்கு முன்பே ஊர் வந்து சேர்ந்துவிட்டது. இரண்டு பார்ட்டிகள் உடனே பாக்கிக்கு ஆள் அனுப்பியது உண்மை. ஒருவர் ஆஸ்பத்திரி வாசலுக்கே வந்தாராம். மற்றவர்கள் பொறுத்தார்கள். வற்றல் அனுப்பும் ஒரு வெளியூர்க்காரர், சரக்கு வழக்கம்போல் வரும், பணம் மெதுவாக வரட்டும் என்று மகனிடம் போனில் சொல்லியிருக்கிறார். அவரைத்தான் அண்ணாச்சி அதிகம் பயந்திருந்தார்.

வீட்டில் மட்டும் கணக்கு இன்னும் நேராகவில்லை. "வசூலுக்குத்தானே போறேன்னீங்க" என்று அவர் மனைவி இப்போதும் கேட்கிறார். அதற்கு அவரிடம் பதில் இல்லை.

போன வருடம் மறுபடி டிரெட்மில் எடுக்கச் சொன்னார்கள். இந்த முறை உள்ளூரிலேயே, மனைவியும் மகனும் கூட வர, கடைக்கு அரை நாள் லீவு விட்டுப் போனார். நர்ஸ் கேட்பதற்கு முன்பே சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினாராம். பழைய பில் புத்தகத்தில் கிழித்தது. நம்மிடமும் காட்டினார். மேலே மாத்திரைகளின் பெயரும் எந்த நேரம் என்பதும். அதன்கீழ் குடோன் படியில் மயங்கிய தேதி. அதற்கும் கீழே, "அண்ணன், 46, கடையில்." கடைசி வரியில் மகனுடைய போன் நம்பர், இரண்டு முறை எழுதி, கீழே கோடு போட்டிருந்தது.